குளத்துக்கு உறை ஊற்றுகிறார்கள்!

வாங்க, சத்தம் போடாமல் இந்தப் பக்கமாக வாங்க. கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடல் பக்கம் திரும்பும் ஒரு மண்பாதை. சவுக்கு வரிசை, அதற்கப்புறம் தென்னை, அதற்கப்புறம் ஒரு பச்சை கேட். முன்பக்கத்து மல்லிகைப் பந்தலும் துளசி மாடமும் எல்லாரும் பார்க்கிறதுதான். நமக்கு வேண்டியது பின்கட்டு! அங்கேதான் பாண்டு பாண்டாக மணல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. பழைய மீன்குளத்தை ஒட்டிப் புதுக்குளம் தோண்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஒரு மதகு வெட்டி, ஒருநாள் காலையில் பலகையைத் தூக்கி, இரண்டையும் ஒரே குளமாக்கப் போகிறார்கள்.

முடிந்த குளத்தை எல்லாரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். அல்லி பூத்திருக்கும், ஆரஞ்சு மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும், ஓரத்தில் ஒரு புத்தர் சிலை இருக்கும். அதற்கு முன்னால் நடக்கிற கூத்தை மட்டும் யாரும் காட்டுவதில்லை. குழிக்குள் இறங்கி நிற்கும் மேஸ்திரி, வாளியில் காத்திருக்கும் வழவழத்த கூழாங்கல், நடுராத்திரியில் டார்ச் அடித்து மீன் மூச்சு விடுகிறதா என்று பார்க்கிற வீட்டுக்காரம்மா. எனக்கு இதுதான் திருவிழா!

பழைய குளம் 10 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழமுள்ள சிமெண்டுத் தொட்டி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 3,500 லிட்டர். வீட்டுக்காரம்மா கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் ‘டீச்சரம்மா’. இந்தப் பெருக்கலை வாய்விட்டே எனக்குச் செய்து காட்டினார். சென்னை கொளத்தூரில் விரல் நீளக் குஞ்சுகளாக வாங்கிவந்த கோய் கெண்டைகள் இப்போது முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டன. நல்ல குளம் கிடைத்தால் கோய் இரண்டடி வரை வளரும். இருபது, முப்பது வருடம் வாழும். இரண்டரை அடி ஆழத்தில் அதற்குத் திரும்பவே இடமில்லை. போதாததற்கு, ஆழம் குறைந்த தண்ணீர் சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் சுட ஆரம்பித்துவிடும். எனவே புதுக்குளம் 12 அடிக்கு 8 அடி, ஆழம் 4 அடி. பக்கச் சரிவைக் கழித்தாலும் 8,000 லிட்டர் பிடிக்கும். பழையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

குளம் போதாமல் போகிற கதை இந்தச் சாலைக்குப் புதிதில்லை. இங்கேயே வடநெம்மேலியில், கடற்கரை மணலில் எட்டரை ஏக்கரில், ராமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் 1976இல் சென்னை முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். அழிந்துகொண்டிருந்த முதலை இனங்களைப் பெருக்கிக் காட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் எண்ணம். சதுப்புநில முதலைகள் அந்தக் குளங்களில் சந்தோஷமாகப் பெருகின. ஒரே பருவத்தில் இரண்டு முறை முட்டையிடுவதைக்கூட அங்கே பார்த்துப் பதிவு செய்தார்கள். முட்டை இருக்கும் சூட்டைப் பொறுத்துக் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானமாவதையும் அங்கே ஆராய்ந்தார்கள். பிறகு, 1990களின் நடுவில், காட்டில் விடுவது நின்றுபோனது. முதலை பெருகியது, இடம் பெருகவில்லை. கடைசியில் 2022இல் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்பும் ஏற்பாடு நடந்தது. கப்பி மீன் வளர்க்கும் எந்த வீட்டுக்கும் இந்தக் கதை பாடம்தான். குளத்தை நீட்டலாம், அல்லது மீனைப் பங்கு போடலாம். டீச்சரம்மா இரண்டையுமே செய்கிறார். தெருவில் பாதி வீட்டுத் தொட்டியில் இவர் கொடுத்த கப்பிகள்தான் கொசுப்புழுவைத் தின்றுகொண்டிருக்கின்றன.

சரி, இப்போது உள்ரகசியத்துக்கு வருவோம். நான் போன அன்று பழைய குளத்தின் சுவரில் ஒரு விரல் தடிமனுக்குப் பாசி வழவழவென்று படிந்திருந்தது. “இவ்வளவு வேலை செய்யறீங்க, இதை ஒரு தடவை தேய்த்துக் கழுவிவிடலாமே” என்று பக்கத்து வீட்டு அண்ணன் யோசனை சொன்னார். டீச்சரம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “அதைத் தொட்டீங்கன்னா எல்லா மீனும் போச்சு” என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. மீன் தின்கிறது, செவுள் வழியாகவும் கழிவாகவும் அம்மோனியா வெளியேறுகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. தண்ணீர் சூடாக ஆக, காரத்தன்மை ஏற ஏற, அந்த நஞ்சின் வீரியமும் ஏறும். நம் கடற்கரையில் வெயிலுக்குக் குறைவே கிடையாது. இந்த அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை வந்து அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதை மீன் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அல்லியும் கல்வாழையும் அதை ஆசையாக உறிஞ்சி வளரும். இந்தப் பாக்டீரியாக் குடும்பங்கள் புதுத் தண்ணீரில் தாமாகக் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மீனை விட்டவர்கள் வீட்டில்தான் ‘புதுக்குளம் ராசியில்லை’ என்ற பேச்சு வருகிறது.

ஆனால் இங்கே பழைய குளம் இருக்கிறதே! அதில் இந்தக் குடும்பங்கள் வருடக்கணக்காக வாழ்கின்றன. பாலில் உறை மோர் விட்டால் மறுநாள் தயிர் ஆவதுபோல், பழைய குளத்தின் உயிரைப் புதுக்குளத்தில் விட்டால் வேலை சீக்கிரம் முடியும். அந்த உயிர் எங்கே இருக்கிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பழைய தண்ணீரை நாலு குடம் மொண்டு ஊற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். தண்ணீரில் மிதப்பவை கொஞ்சம்தான். பெரும்பான்மை சுவரிலும் கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அந்த வழவழப்புதான் உறை! அதனால்தான் இந்த வீட்டில், தோண்டும் வேலை தொடங்குவதற்கு முன்பே, மூன்று வெங்காய மூட்டை வலைப்பைகளில் சரளைக் கல்லைக் கட்டிப் பழைய வடிகட்டிக்குள் ஊறப் போட்டுவிட்டார்கள். குழி வெட்டும் நாளெல்லாம் அந்தப் பைகள் அங்கே சத்தமில்லாமல் தயாராகிக்கொண்டிருந்தன. இதைக் கேட்டதும் எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அளவெடுக்கிற காலை. கயிற்றைத் தரையில் வளைத்துப் போட்டு, மாடியில் ஏறி நின்று பார்த்து, மறுபடி வளைத்து, திருப்தியானதும் அதன் மேல் கோலமாவைத் தூவிக் கோடு போட்டார்கள். அடுத்தது மட்டம். தண்ணீர் நிரப்பிய நீளமான ஊதா டியூபின் ஒரு முனையைப் பழைய குளத்துச் சுவரில் வைத்து, மறுமுனையைப் புதுக் குழியின் ஓரமெல்லாம் நடத்தி, குச்சி குச்சியாக அடையாளம் வைத்தார் மேஸ்திரி. இணையப் போகிற இரண்டு குளத்துக்கும் விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்தால் முழுக் குளமும் அந்த இரண்டு அங்குலத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும். மேலே சுவர் வெறுமையாகத் தெரியும்.

“இங்க மண்ணு நிக்காதும்மா. வெட்டிகினே இருப்பேன், அது சரிஞ்சிகினே இருக்கும்” என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார். கடலை விட்டு உள்ளே தள்ளி, பாலாற்றுப் பக்கம் களிமண் நிலத்தில் செங்குத்தாக வெட்டினால் சுவர் மாதிரி நிற்கும் என்கிறார். இங்கே கடல்மணல். ஓரங்களைச் சரிவாகத்தான் விட முடியும். நடுவில் ஒரு படி. அந்தப் படியில் சாக்கில் மணல் கட்டி அடுக்கி, மேலே செடித்தொட்டி வைக்கப் போகிறார்கள். தோண்டத் தோண்ட வந்ததைப் பார்க்க வேண்டுமே! முதலில் சவுக்கு ஊசி மக்கிய கறுப்பு மண், அப்புறம் பழுப்பு மணல், அப்புறம் கிளிஞ்சல் கலந்த வெள்ளை மணல். டீச்சரம்மாவின் பேத்தி ஒரு கொட்டாங்குச்சி நிறையக் கிளிஞ்சல் பொறுக்கிவிட்டாள். அவற்றைக் குளத்துக்குள் போடக் கூடாது என்று உடனே தடை வந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, தண்ணீரில் மெல்லக் கரைந்து காரத்தை ஏற்றும். ஜன்னல் திட்டில் அடுக்கி வைத்திருக்கிறாள்.

இந்த மணலுக்குக் கீழே இன்னொரு அதிசயம் இருக்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் இந்த வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. நல்ல நீருக்கு எடை குறைவு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும் என்று நூறு வருடத்துக்கு முன்பே கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு ஐரோப்பியர்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு மீட்டரை உறிஞ்சி எடுத்தால், கீழே 40 மீட்டருக்கு உப்பு ஏறிவிடும்! இதே கரையில் நெம்மேலியில் 2013லிருந்து கடல்நீரைக் குடிநீராக்கி நகரத்துக்கு அனுப்புகிறார்கள் என்றால், மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் எவ்வளவு அருமையானது என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் இந்தப் புதுக்குளத்துக்குப் போர்வெல்லிலிருந்து ஒரே மூச்சாக இறைக்கவில்லை. மொட்டைமாடி மழைநீர்க் குழாயைத் திருப்பி முதலில் தொட்டியில் சேர்த்து, போதாததற்கு மட்டும் மோட்டார்.

மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குபுகுபுவென்று மேலே வரும். அந்த நேரத்தில் யாராவது குளத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று காலி செய்தால், கீழேயிருந்து வரும் தண்ணீர் குளத்தின் பிளாஸ்டிக் விரிப்பைப் பலூனாக ஊதித் தூக்கிவிடும். லேசான சிமெண்டுத் தொட்டியானால் தொட்டியே எழும்பி விரிசல் விடும். ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைக் குளத்தைக் காலி செய்யவே கூடாது. இந்த வேலையை ஆனியில் ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது பெரிய வாக்குவாதம்: சிமெண்டா, பிளாஸ்டிக் ஷீட்டா? மேஸ்திரி சிமெண்டு கட்சி. “கோழிவலை வெச்சு ஒரு கோட்டிங் குடுத்தா பேரப்புள்ள காலம் வரைக்கும் நிக்கும்மா.” ஷீட் கடையிலிருந்து வந்த தம்பி மறு கட்சி. “அண்ணே, மணல் உள்வாங்கினா சிமெண்டு விரிசல் விடும். இது வளைஞ்சு குடுக்கும்.” பழைய குளம் கட்டிய புதிதில் நடந்ததை டீச்சரம்மா நினைவுபடுத்தினார். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீர் சோப்பு மாதிரிக் காரமாகிவிடும், மீன் தாங்காது. அதற்காக வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்தார்களாம். கொளத்தூர்ப் பக்கத்து மீன் வளர்ப்பவர்கள் கையிலும் இன்றுவரை இருக்கிற வழக்கம் இது. இந்த முறை அத்தனை நாள் காத்திருக்க முடியாது. பருவமழைக்கு முன் முடித்தாக வேண்டும். ஷீட் ஜெயித்தது.

ஷீட் அளவு போடுவதில் டீச்சரம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. நீளம் 12, இரண்டு பக்க ஆழத்துக்கு 8, விளிம்பில் மடித்துப் புதைக்க 2. ஆக 22 அடி. அகலம் 8, ஆழத்துக்கு 8, விளிம்புக்கு 2. ஆக 18 அடி. பண்ணைக்குட்டைகளுக்குப் போடுகிற 500 மைக்ரான் தடிமன். அதற்கு அடியில் என்ன போட்டார்கள் தெரியுமா? முதலில் தென்னை வேர் நுனிகளைச் சீவி எடுத்தார்கள், கிளிஞ்சல் முனைகளைச் சலித்து எடுத்தார்கள், சலித்த மணலை இரண்டு அங்குலம் பரப்பினார்கள், அதன் மேல் பழைய ஜமக்காளமும் கோணிச் சாக்கும். மத்தியான வெயிலில்தான் ஷீட்டை விரித்தார்கள். சூட்டில் இளகி, சொன்னபடி மடியும். நாலு பேர் நாலு மூலையில் பிடித்து, “இஸ்து பிடி, இஸ்து பிடி, விடு விடு” என்று ஒரே கும்மாளம்!

ஷீட்டின் மேல் பரப்ப, கூழாங்கல்லுக்குப் பதில் இங்கே கல் சில்லு. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது வேறு எங்கே போவது? உளி விழும் இடமெல்லாம் கருங்கல் சிதறல். கருங்கல் தண்ணீரின் குணத்தை மாற்றாது; பளிங்கோ சுண்ணாம்புக் கல்லோ என்றால் மாற்றிவிடும். ஒரே ஆபத்து அதன் கூர்மை. ஒவ்வொரு சில்லையும் அம்மிக் கல்லில் உரசி முனை மழுக்கி, கோணியின் மேல்தான் இறக்கினார்கள்.

மாமல்லபுரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அர்ச்சுனன் தபசுப் பாறையின் நடுவில் ஒரு பிளவு. அதில் கைகூப்பிய நாகர்கள் மேலேறுகிறார்கள். பாறை உச்சியில் ஒரு நீர்த்தொட்டி இருந்த தடயங்கள் உள்ளன. விசேஷ காலங்களில் அதை நிரப்பித் திறந்துவிட்டு, பிளவு வழியாக அருவியாக விழச் செய்து, கீழே குளமாகத் தேக்கியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில், இதே கரையில், மேல்தொட்டியும் அருவியும் கீழ்க்குளமும்! இந்த வீட்டிலும் அதே ஏற்பாடுதான். குளத்து அடியிலிருந்து ஒரு சின்னப் பம்பு தண்ணீரை மேலே இருக்கும் நீல டிரம்முக்கு ஏற்றுகிறது. டிரம்முக்குள் பச்சை வலை, பஞ்சு, சரளை. அங்கிருந்து கல்வாழை நட்ட ஒரு நீளத் தொட்டி வழியாக நடந்து, இரண்டடி உயரத்திலிருந்து குளத்தில் விழுகிறது. விழும்போது காற்றை அள்ளிக்கொண்டு போகிறது. அழகுக்காக மட்டும் அந்த அருவி இல்லை.

விடியற்காலை நாலு மணி என்பது மீன்குளத்தில் மிகக் கடினமான நேரம். பகலில் ஆக்சிஜன் விட்ட பாசியும் செடியும் இரவில் அதையே இழுத்துக்கொள்கின்றன. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே வெப்பமான இரவின் கடைசியில் கோய்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று நினைத்து இரை போடுபவர்கள் உண்டு. அது பசி இல்லை, மூச்சு. இந்த வீட்டில் கரண்டு போனால் உடனே ஓடும்படி பேட்டரியில் ஒரு காற்றுப் பம்பு காத்திருக்கிறது. அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்!

மதகு வெட்டிய நாள்தான் எல்லாருக்கும் நெஞ்சு படபடத்த நாள். பழைய குளத்துத் தண்ணீரில் பாதியைப் புதுக்குளத்துக்கு மாற்றி, கோய்களை ஒரு கோடிக்கு ஒதுக்கி வலைத்தடுப்பு வைத்து, நிழல்வலை கட்டி, காற்றுக்கல் போட்டுவிட்டு, சுவரின் மேல்பகுதியில் இரண்டடி அகலம், ஓரடி ஆழத்துக்கு வெட்டினார் மேஸ்திரி. சுத்தியல் இல்லை, அறுக்கும் மெஷின். சுத்தியல் அடித்தால் சுவர் முழுவதும் அதிரும், பழைய தொட்டி விரிசல் விடும், மீனும் மிரண்டு துள்ளும். தூசி குளத்தில் விழாதபடி ஒரு ஆள் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார். வெட்டிய முனையை எபாக்ஸி பூசி மழுக்கி, ஷீட்டின் விளிம்பை அதன் மேல் இழுத்து மடித்து, நடுவில் பியூட்டைல் டேப் வைத்து, அலுமினியப் பட்டையால் இறுக்கித் திருகு போட்டார்கள். பிறகு அந்த வாயை ஒரு பலகையாலும் களிமண் சாக்காலும் அடைத்தார்கள். ஏரி மதகில் பலகை போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த கைகள். சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பழைய குளம் மறுபடி நிரம்பியது. கோய்கள் இரை தின்றன. அப்பாடா!

ஏரி மாவட்டமான செங்கல்பட்டுக்காரர்கள், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் வைக்காமல் குளம் வெட்டுவார்களா? மதுராந்தகம் ஏரி உடையப் போகிறதென்று வெள்ளைக்காரக் கலெக்டர் லயோனல் பிளேஸ் தவித்த ராத்திரியில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றார்கள் என்பது இங்கே குழந்தைகள்கூடச் சொல்லும் கதை. ஏரிகாத்த ராமர் என்றே கோயிலுக்குப் பெயர். இந்தக் குளத்துக்கு விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் கீழே மூன்று அங்குலக் குழாய் ஒன்று, அதன் வாயில் பொடி வலை. மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாமல்லபுரம் அருகில் கரையைக் கடந்ததே, அந்த மாதிரி ஓர் இரவில் இந்தக் குழாய்தான் ராமர். அந்த வலைக்கு ஒரு காரணம் உண்டு, அது எனக்கு முக்கியம். கப்பியோ சக்கர் மீனோ வழிந்து ஓடி பக்கிங்காம் கால்வாயில் சேரக் கூடாது. தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கிப் பிறகு ஏரியில் விட்ட சக்கர் மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்குகின்றன. குளம் நம்முடையது, வழிகிற தண்ணீர் எல்லாருடையது.

புதுக்குளம் நிரம்பியதும், ஊறிக்கொண்டிருந்த அந்த மூன்று வலைப்பைகளையும் தூக்கினார்கள். ஓட்டமாக ஓடிப் புது டிரம்முக்குள் வைத்தார்கள்; வெளியே காயவிட்டால் எல்லாம் போச்சு. கூடவே பழைய பஞ்சில் பாதி. பிறகு ஒரு கைப்பிடி கப்பிகள். பாக்டீரியாவுக்கும் சாப்பாடு வேண்டுமே! அன்றிலிருந்து தினமும் காலையில் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, ஒரு பழைய ரேங்க் கார்டின் பின்பக்கத்தில் டீச்சரம்மா எழுதிவந்தார். முதலில் அம்மோனியா ஏறியது, பிறகு இறங்கியது. அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கியது. இரண்டு கட்டமும் பூஜ்யத்துக்கு வந்து அப்படியே நிற்க வேண்டும். “சைபர் வாங்கினா சந்தோஷப்படற பாடம் இது ஒண்ணுதான்” என்றார்.

இடையில் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். வெண்மார்பு மீன்கொத்தி முதல் நாளே தென்னை மட்டையில் இடம் பிடித்துவிட்டது. மடையான் கொக்கு ஓரத்தில் அசையாமல் நின்றது. அது தண்ணீருக்குள் நடந்து இறங்குகிற பறவை என்பதால், கரையோரம் ஒரு சாண் உயரத்தில் தூண்டில் நரம்பு கட்டினார்கள். ஒரு தண்ணிப்பாம்பும் வந்தது. சித்தாள் கல்லைத் தேட, மேஸ்திரி தடுத்தார். “அதுக்கு விஷம் கெடயாது, உடு.” பாம்பை அடிக்காமல் பிடித்து, விஷத்தை எடுத்து மருந்துக்குக் கொடுத்து, மறுபடி காட்டில் விடுகிற இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் அமைந்து வேலை செய்கிற வடநெம்மேலி அக்கம்பக்கம்தான் இது. தவளைக் குஞ்சு நாலைத் தின்றுவிட்டு அது போய்விட்டது.

பலகை தூக்கும் காலை! இரண்டு பக்கமும் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். அரை டிகிரி கூட வித்தியாசமில்லை. கார அமில அளவும் ஒன்றாகவே இருந்தது. களிமண் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார் மேஸ்திரி. பிறகு பலகையை அரை அங்குலம் அசைத்தார். பழைய பக்கத்துப் பழுப்புத் தண்ணீர் ஒரு கீற்றாகப் புதுப் பக்கத்துக்குள் நுழைந்து சுருண்டது. “தூக்கு தாத்தா, தூக்கு!” என்று பேத்தி கத்த, பலகை மேலே வந்தது.

முதலில் போனவை கப்பிகள். ஒன்று, மூன்று, ஒரு கூட்டம்! அடுத்து, யாரும் வாங்கிவராமல் மழையோடு எப்படியோ வந்து சேர்ந்த நாட்டு மீன் குஞ்சுகள், நெற்றியில் மின்னும் வெள்ளைப் பொட்டோடு. தங்கமீன்கள் வாய் வரை வந்து, திரும்பி, மறுபடி வந்து, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நுழைந்தன. கோய்கள் மட்டும் அசையவில்லை. மத்தியானம் ஆனது, நாங்கள் தரையிலேயே உட்கார்ந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டோம், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிவப்பும் வெள்ளையுமான பெரிய கோய்தான் கடைசியில் மதகில் வயிறு உரசிக்கொண்டு புகுந்தது. நாலடி ஆழத்தில் தலைகீழாக ஓர் இறக்கம் இறங்கி, ஒரே வீச்சில் முழுக் குளத்தையும் சுற்றி வந்தது பாருங்கள், நான் எழுந்து நின்று கத்திவிட்டேன்! அவ்வளவு நீளமாக அது அதற்கு முன் ஒரு நாளும் நீந்தியதில்லை.

அடுத்த வாரமே புதுக்குளம் பச்சையாகிவிட்டது, மீனே தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டபோது டீச்சரம்மாவின் குரலில் பதற்றமே இல்லை. புதுத் தண்ணீர், நிறைய வெயில், நிறைய ஊட்டம். மிதக்கும் நுண்பாசி முந்திக்கொண்டது. தண்ணீரை மாற்றினால் புது ஊட்டம் கொடுத்ததாகிவிடும், அது மறுபடி பச்சையாகும். அல்லி இலை பாதிக் குளத்தை மூடினால் வெயில் குறையும், பாசி தானாக அடங்கும். அதுவரை இரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்.

அடுத்த திட்டம் முத்துப்புள்ளி மீன், மலையாளிகள் கரிமீன் என்று கொண்டாடுவது. நம் கழிமுகத்து மீன். நல்ல தண்ணீரிலும் வாழும். தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சைக் காவல் காக்கும். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் இதற்குக் குஞ்சு பொரிக்கும் வழி செய்திருக்கிறார்கள். 1997இல் கொடுவாவையும் 2015இல் பால்கெண்டையையும் குஞ்சு பொரிக்க வைத்த நிறுவனம் அது. இதோடு ஆரஞ்சு நிறச் சின்ன உறவுக்கார மீன் ஒன்றைச் சேர்த்து விட்டால், அது பெரியவற்றின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்யும். இலங்கையின் கழிமுகங்களில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாட்டு மீனும் ஒரே குளத்தில், கண்ணெதிரே அந்த வேலையைச் செய்வதைப் பார்க்க முடிந்தால்! தை மாதம் மழை ஓய்ந்து, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்த பிறகுதான் வாங்குவாராம். அதற்குள் அந்த ரேங்க் கார்டில் இடம் தீர்ந்துவிடும். புது நோட்டு ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.